ஸ்டாலில் ஜொலிக்குது ஏ.ஐ. படம், ஷெட்டில் இருப்பது என்ன?

திருவெறும்பூர் பட்டறைக்காரர்கள் உஷாராக வேண்டிய நேரம்!

திருவெறும்பூர்: தொழில் கண்காட்சியில் ஸ்டால் போடுகிறவர்களைச் சுற்றி இப்போது ஒரு புது வியாபாரம் நடக்கிறது. கேமரா வேண்டாம், லைட் வேண்டாம், நடிக்க ஆள் வேண்டாம். கம்பெனி பெயரைச் சொன்னால் போதும், சினிமா மாதிரி வீடியோ ரெடி! இதுதான் அந்த வியாபாரத்தின் கூவல்.

கம்ப்யூட்டரில் நாலு வரி தட்டுகிறார்கள். பளபளக்கும் தரை, கூரையைத் தொடும் கிரேன், வரிசையாக ரோபோ, வெள்ளை ஹெல்மெட் போட்ட என்ஜினீயர்கள், மழையாய்க் கொட்டும் தீப்பொறி... எல்லாம் திரையில் ஓடுகிறது. ஸ்டாலுக்கு வந்தவர் வாய் பிளந்து நிற்கிறார்.

அப்புறம்?

ஆர்டர் பேச அவர் ஒருநாள் நேரில் ஷெட்டுக்கு வருவார். அங்கே ஒரு ஐந்து டன் கிரேன், வயசான ரோலிங் மெஷின், நாலு வெல்டிங் செட், எட்டுப் பத்து ஆட்கள். படத்தில் பார்த்த பட்டறை எங்கே என்று அவர் கேட்டால் முதலாளி எந்தப் பக்கம் பார்ப்பார்?

ஏ.ஐ. என்கிற செயற்கை நுண்ணறிவு வீடியோ பாவம் இல்லை. அதை ஸ்டாலில் ஓட்டுவதும் குற்றம் இல்லை. ஆனால் இல்லாத பட்டறையை இருப்பதாகக் காட்டினால் அது விளம்பரம் அல்ல, தில்லுமுல்லு. அதில் முதலில் அடிபடப் போவது பெரிய கம்பெனி அல்ல. கைத்தொழிலை நம்பிப் பிழைக்கும் சின்னப் பட்டறைதான்.

ஏன் இந்த ஊருக்கு இந்தப் பேச்சு?

திருச்சி டவுனிலிருந்து அரியமங்கலம், காட்டூர் தாண்டி தஞ்சாவூர் ரோட்டில் வந்தால் திருவெறும்பூர். அடுத்தாற்போல் பெல் நிறுவனம். செக்கோஸ்லோவாகியா நாட்டின் தொழில்நுட்ப உதவியோடு எழுந்து, 1965-இல் இயங்கத் தொடங்கிய உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை அது. பக்கத்திலேயே 1966-இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை. கொஞ்சம் தள்ளி துவாக்குடியில் சிட்கோ தொழிற்பேட்டையும் என்.ஐ.டி.யும்.

பெல் வந்தது, அதன் பின்னாலேயே நூற்றுக்கணக்கில் பேப்ரிகேஷன் பட்டறைகள் வந்தன. பெல் கொடுக்கும் இரும்பை வெட்டி, வளைத்து, ஒட்டித் திருப்பிக் கொடுப்பதுதான் வேலை. வாடிக்கையாளர் ஒருவரே. அவர் பக்கத்து வீட்டுக்காரர். அவரிடம் போய் யார் விளம்பரம் செய்வார்கள்? ஸ்டாலும் தேவைப்படவில்லை, வீடியோவும் தேவைப்படவில்லை.

2010-களில் நிலைமை மாறியது. அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர் சுருங்கியது. பெல் இருமினால் திருவெறும்பூருக்குக் காய்ச்சல் அல்லவா? பல ஷெட்களில் ஷட்டர் இறங்கியது. மெஷினை விற்றவர்கள் உண்டு. வேலை தேடி வெளிநாட்டுக்குப் போன வெல்டர்கள் உண்டு. பிறகு அனல்மின் ஆர்டர்கள் திரும்ப வரத் தொடங்கினாலும், ஒரே வாசலை நம்பி உட்காரக் கூடாது என்ற பாடத்தைப் பட்டறைக்காரர்கள் மறக்கவில்லை.

இன்று சர்க்கரை ஆலை, சிமெண்ட் ஆலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, ரெயில்வே, ராணுவம் என்று எல்லா வாசலிலும் தட்ட வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தளவாடத் தொழில் வழித்தடத்தை 2019 ஜனவரி 20-ஆம் தேதி அப்போதைய ராணுவ மந்திரி நிர்மலா சீதாராமன் தொடங்கி வைத்ததே இந்தத் திருச்சியில்தான். அந்த வழித்தடத்தின் ஐந்து மையங்களில் திருச்சியும் ஒன்று.

புதுப் பார்ட்டியைப் பிடிக்க வேண்டுமென்றால் கண்காட்சிக்குப் போக வேண்டும். சென்னை நந்தம்பாக்கம், கோவை கொடிசியா, டெல்லி பாரத் மண்டபம் என்று ஊர் ஊராகக் கடை விரிக்க வேண்டும். அங்கேதான் இந்த ஏ.ஐ. வீடியோ ஆசை காட்டுகிறது.

ஒன்பது சதுர மீட்டர் சங்கடம்!

சின்னப் பட்டறைக்குக் கண்காட்சியில் கிடைக்கும் இடம் பெரும்பாலும் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர். அலுமினியச் சட்டத்தில் வெள்ளைத் தடுப்பு மூன்று பக்கம், தலைக்கு மேல் பெயர்ப் பலகை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, இரண்டு மூன்று விளக்கு, ஒரு பிளக் பாயிண்ட். அவ்வளவுதான்.

எதிரே பெரிய கம்பெனி இரண்டு மாடிக்கு அரங்கம் கட்டி, சுவர் முழுக்க எல்.இ.டி. திரை போட்டு, காபியும் கொடுத்துக்கொண்டிருக்கும். நம்ம ஊர்க்காரர் இரண்டு மடக்கு நோட்டீசை நீட்டினால் யார் நிற்பார்கள்?

வாடகை, ரெயில் செலவு, லாட்ஜ், சாப்பாடு, சரக்கைக் கொண்டு போக லாரி என்று கைக்காசு கரைகிறது. மத்திய சிறுதொழில் அமைச்சகத்தின் சந்தைப்படுத்தல் உதவித் திட்டத்தில் ஸ்டால் வாடகையில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும் என்றாலும், முதலில் கையை விட்டுத்தான் போட வேண்டும். மூன்று நாள், நாலு நாளில் நாலு நல்ல விசாரணையாவது வந்தாக வேண்டும் என்ற தவிப்பு நியாயமானது.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஊறுகாய்க் கடைக்காரர் பாட்டிலைக் கொண்டு போய் அடுக்கலாம். கொதிகலன் பாகம் செய்கிறவர் எதைக் கொண்டு போவார்? பெரிய அனல்மின் நிலையத்தின் கொதிகலன் ஏறக்குறைய மலைக்கோட்டை உயரத்துக்கு நிற்கும். அதில் ஒரு டிரம் மட்டுமே நூறு டன்னுக்கு மேல் போகும். மேஜையில் வைக்க முடியுமா?

ஆக, படம் வேண்டும். அதில் சண்டை இல்லை. கொதிகலனுக்குள் தண்ணீர் எப்படி ஏறுகிறது, ஆவி எப்படிப் பிரிகிறது, குழாய்க்குள் என்ன நடக்கிறது என்பதைக் கேமராவாலும் காட்ட முடியாது. கார்ட்டூன் மாதிரி ஓடும் அனிமேஷன் படத்தைப் பெரிய கம்பெனிகள் எத்தனையோ வருஷமாகக் காட்டுகின்றன. அதற்கு லட்சக்கணக்கில் ஆன செலவு ஏ.ஐ. வந்ததும் மளமளவென்று குறைந்திருக்கிறது. சின்னவனுக்கும் அது கிடைக்கட்டும். நல்லதுதான்.

கோளாறு எங்கே என்றால், விளக்கிக் காட்ட வேண்டிய படம் சாட்சி சொல்லக் கிளம்பும்போதுதான்.

எட்டு வினாடி ஜாலம்!

எழுத்தில் சொன்னால் வீடியோவாக மாற்றித் தரும் 'சோரா'வை ஓபன் ஏ.ஐ. நிறுவனம் 2024 பிப்ரவரியில் அறிமுகம் செய்தபோது உலகமே மூக்கில் விரல் வைத்தது. 2025 மே மாதம் கூகுளின் 'வியோ 3' வந்தது. படத்தோடு சத்தமும் சேர்ந்தே வந்தது. ஒரு துண்டு எட்டு வினாடி. அப்படிப் பத்துத் துண்டை ஒட்டினால் ஸ்டாலில் ஓட்ட ஒரு நிமிஷத்துக்கு மேல் படம் தயார்.

இந்த மெஷினுக்கு வெல்டிங் தெரியாது. உலகத்தில் உள்ள கோடிக்கணக்கான படங்களைப் பார்த்து, 'வெல்டிங் என்றால் இப்படித்தான் இருக்கும்' என்று குத்துமதிப்பாக வரைந்து தள்ளுகிறது. விளம்பரப் படங்களிலும் சினிமாவிலும் வெல்டிங் என்றால் பொறி பறக்கும். அதனால் இதுவும் பொறி பறக்க விடுகிறது.

திருவெறும்பூர் டீக்கடையில் நிற்கும் வெல்டரைக் கேட்டால் சிரிப்பார். உயர் அழுத்தக் குழாயில் போடும் டிக் வெல்டிங்கில் பொறி பறக்காது. கனத்த தகட்டில் ஓடும் சப்மெர்ஜ்டு ஆர்க் வெல்டிங்கில் நெருப்பே கண்ணுக்குத் தெரியாது. மேலே பிளக்ஸ் தூள் மூடிக்கொண்டிருக்கும். பொறி மழையாய்க் கொட்டுவது பெரும்பாலும் கிரைண்டரில்!

ராடு பிடித்து வெல்டிங் செய்தால் ராடு கரைந்து குட்டையாகும். ஏ.ஐ. படத்தில் ராடு அப்படியே நிற்கிறது. வெல்டர் முகமூடி இல்லாமல் நெருப்பைப் பார்த்துப் புன்னகைக்கிறார். பின்னால் சுவரில் உள்ள போர்டில் எழுத்து உளறுகிறது. தமிழ் எழுத்தோ, ஆங்கில எழுத்தோ, எந்த ஊர் எழுத்தோ தெரியாது. சில நேரம் கையில் விரல் ஒன்று கூடுதல்.

சினிமா பார்க்கிற கூட்டம் இதைக் கவனிக்காமல் போகலாம். ஸ்டாலுக்கு வருகிறவர் யார்? சுத்திகரிப்பு ஆலையின் கொள்முதல் அதிகாரி. இருபது வருஷம் இன்ஸ்பெக்ஷன் பார்த்த என்ஜினீயர். அவர் கண் அந்த ராடில்தான் முதலில் விழும். 'இந்த ஆளுக்கே வெல்டிங் தெரியாது போலிருக்கே' என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்துவிடுவார். காசு கொடுத்து மானத்தை விற்ற கதை!

நாளைக்கு இந்தத் தப்பெல்லாம் சரியாகிவிடும் என்பது வாஸ்தவம். மாதத்துக்கு மாதம் படம் தேறிக்கொண்டே வருகிறது. அப்போது ஆபத்து குறையாது, கூடும். பொய் கண்டுபிடிக்க முடியாதபடி ஆகிவிட்டால், அதே வரிசையில் நிஜ வீடியோ போட்ட யோக்கியனையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கிளாஸ்கோவில் நடந்த கூத்து!

படத்தைக் காட்டிக் கூட்டத்தைக் கூட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே சிரித்த ஓர் உதாரணம் உண்டு.

2024 பிப்ரவரி 24. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். குழந்தைகளுக்கான சாக்லேட் உலகம் என்று ஒரு காட்சிக்கு விளம்பரம். விளம்பரம் முழுக்க ஏ.ஐ. வரைந்த படங்கள்: மிட்டாய்க் காடு, வண்ண விளக்கு, மாய உலகம். டிக்கெட் 35 பவுண்டு வரை. அன்றைய நம்ம காசுக்கு மூவாயிரத்து ஐநூறு ரூபாய்க்கு மேல்.

குழந்தை குட்டிகளோடு போனவர்கள் பார்த்தது என்ன? பாதி காலியாகக் கிடந்த ஒரு கிடங்கு. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அலங்காரப் பொருள். காற்றடித்த ஒரு குதிக்கும் கூடாரம். குழந்தைக்குச் சில ஜெல்லி மிட்டாயும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும். நடிக்க வந்தவர்கள் கையில் கொடுத்த வசனத்தையும் ஏ.ஐ.தான் எழுதியிருந்ததாம்!

குழந்தைகள் அழுதன. பெற்றோர் கொதித்தார்கள். போலீஸ் வந்தது. காட்சி அன்றைக்கே நடுவில் மூடப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கொடு என்று கூச்சல். அந்தக் காலிக் கிடங்கின் போட்டோ நாலு நாளில் உலகப் பத்திரிகைகளில் வந்துவிட்டது.

அங்கே போனது டிக்கெட் காசு. பட்டறை விஷயத்தில் போவது ஆயுசுக்கும் பெயர்.

டெல்லியில் வாலாட்டிய நாய்!

கிளாஸ்கோ தூரம். டெல்லி நம்ம நாட்டுத் தலைநகரம்தானே? 2026 பிப்ரவரியில் பாரத் மண்டபத்தில் ஏ.ஐ. உச்சி மாநாடும் கண்காட்சியும் நடந்தன. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஸ்டாலில் நாலு கால் ரோபோ நாய் ஒன்று நின்றது. தங்கள் மையத்தில் உருவானது என்கிற தொனியில் ஸ்டாலில் இருந்தவர் டி.வி. கேமரா முன்னால் பேசினார்.

சில மணி நேரத்தில் குட்டு உடைந்தது. அது சீனாவின் யூனிட்ரீ கம்பெனி தயாரித்து உலகம் பூராவும் விற்கும் 'கோ2' என்ற மாடல் என்று பார்த்தவர்கள் எடுத்துப் போட்டார்கள். ஸ்டாலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பல்கலைக்கழகம் விளக்கம் சொல்லி, வருத்தம் தெரிவித்துப் பார்த்தது. நடந்தது நடந்ததுதான்.

கவனியுங்கள்: அந்த நாய் நிஜம். கண் முன்னால் நடந்தது, குதித்தது. 'யார் செய்தது' என்ற ஒரு விஷயத்தில் இடறியதற்கே இந்தக் கதி. இல்லாத ஷெட், இல்லாத மெஷின், இல்லாத ஆள் என்று எல்லாமே டூப்பாக இருந்தால்?

பெரிய நிறுவனம் நாலு நாள் தலைகுனிந்து அப்புறம் நிமிர்ந்துகொள்ளும். துவாக்குடியில் ஒற்றை ஷெட் வைத்திருப்பவர் நிமிர முடியுமா? இந்தத் தொழிலில் வாங்குகிறவர்கள் எண்ணி எடுத்த சில கம்பெனிகள்தான். ஒரு கொள்முதல் அதிகாரியிடம் கெட்ட பெயர் வாங்கினால் அடுத்த கம்பெனிக்கு அது டெலிபோனிலேயே போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

'வீடியோ தானே, அதுக்கு என்ன கேஸா போடுவாங்க?' என்று அலட்சியம் வேண்டாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையே இல்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே போதும்.

1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 17, 18-ஆம் பிரிவுகளில் ஏமாற்று எது, தவறாக எடுத்துரைப்பது எது என்று சொல்கிறது. அப்படிச் சம்மதம் வாங்கிய ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம் என்கிறது 19-ஆம் பிரிவு.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்னும் தெளிவு. விவரம் சொல்லி விற்றால் சரக்கு அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். மாதிரி காட்டி விற்றால் மாதிரிக்குப் பொருந்த வேண்டும். இரண்டையும் செய்தால் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். 15, 17-ஆம் பிரிவுகள்.

வீட்டுச் சாமான் கண்காட்சியில் மிக்சி, கட்டில், சோபா விற்கிறவர்களுக்கு வேறு கயிறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்று விளம்பரத்துக்கு மத்திய ஆணையம் ரூ.10 லட்சம் வரை அபராதம் போடலாம். திரும்பத் திரும்பச் செய்தால் ரூ.50 லட்சம் வரை.

ஏ.ஐ. வீடியோவுக்கென்றே 2026 பிப்ரவரியில் தகவல் தொழில்நுட்ப விதிகள் திருத்தப்பட்டன. நிஜம் போலத் தோன்றும் செயற்கைப் படம், வீடியோ, குரலுக்கு அடையாளம் போட வேண்டும் என்று சமூக வலைதளங்களுக்கு உத்தரவு. பிப்ரவரி 20 முதல் அமல். ஸ்டாலில் தனியாக ஓடும் டி.வி. அதற்குள் நேராக வராது என்று சிலர் வாதிடலாம். ஆனால் ஸ்டாலில் ஓட்டுகிற வீடியோவை அன்று சாயங்காலமே யூடியூப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏற்றாத ஆசாமி யார்?

வாங்குகிறவருக்கும் ஒரு வார்த்தை. விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவருக்குச் சட்டம் எப்போதும் கை கொடுக்காது. ஸ்டாலில் மயங்காதீர்கள். ஷெட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

'எல்லாரும்தான் பண்றாங்க!'

இப்படி ஒரு சமாதானம் உண்டு. முற்றிலும் தள்ளிவிடக்கூடிய பேச்சு அல்ல.

அந்தக் காலத்துப் பொருட்காட்சி போட்டோ ஸ்டுடியோவில் அட்டைக் காரில் உட்கார்ந்து, துணியில் வரைந்த தாஜ்மகால் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளாத குடும்பம் உண்டா? அதை யாரும் மோசடி என்று சொல்லவில்லை. எடுத்தவருக்கும் தெரியும், பார்த்தவருக்கும் தெரியும், அது அட்டை என்று.

2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில், மறைந்த முன்னாள் முதல்வர் கருணாநிதி திரையில் தோன்றி வாழ்த்துவது போல ஏ.ஐ. வீடியோ ஓடியது. அவர் 2018-இல் காலமானவர் என்பது அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அது சரியா தப்பா என்று வாதம் நடந்தது வேறு விஷயம். நிஜம் என்று நம்பி யாரும் ஏமாறவில்லை.

அதே 2024-இல் 'லால் சலாம்' படப் பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரலை ஏ.ஐ. மூலம் கொண்டு வந்தார் ஏ.ஆர்.ரகுமான். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அவர்களுக்குச் சன்மானமும் கொடுத்ததாக வெளிப்படையாகச் சொன்னார்.

ஆக, கருவி ஒன்றேதான். சொல்லிச் செய்தால் கலை. மறைத்துச் செய்தால் களவு.

'பெரிய கம்பெனி அனிமேஷன் காட்டலையா?' என்றும் கேட்கலாம். காட்டுகிறது. ஆனால் கொதிகலனின் உள்ளே நடப்பதை விளக்க அது அனிமேஷன் காட்டுகிறது; 'இதுதான் எங்கள் தொழிற்சாலை' என்று அனிமேஷனைக் காட்டினால் அதுவும் தப்புதான். பெரியவனுக்கு ஒரு நியாயம், சின்னவனுக்கு ஒரு நியாயம் இல்லை.

போட்டோ ஸ்டுடியோக்காரர் வயிறு!

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். கல்யாணம் காதுகுத்துக்கு வீடியோ எடுத்துப் பிழைக்கும் ஸ்டுடியோக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கையால் போர்டு எழுதிய ஓவியர்களை பிளக்ஸ் பேனர் வந்து வீட்டுக்கு அனுப்பியது. இப்போது கேமராக்காரர்களின் முறை.

கால மாற்றத்தை யாரும் தடுக்க முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். பட்டறைக்காரருக்கு வேண்டியது அழகான படம் அல்ல, நம்பும்படியான படம். அதை எடுத்துத் தரக் கேமராவோடு ஷெட்டுக்குள் வந்து நிற்கும் ஆள்தான் வேண்டும். ஒரு நாள் வாடகை கொடுத்தால் அவர் வருவார். அதுகூட முடியாது என்றால் பையில் இருக்கிற செல்போனே போதும். வெளிச்சம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இருந்தால் என்ன? ரோலிங் மெஷினில் தகடு வளைவதும், வெல்டர் முகமூடியைத் தூக்கி வியர்வையைத் துடைப்பதும் நிஜம். வாங்க வந்தவர் தேடுவது அதைத்தான்.

திருவெறும்பூரின் உண்மையான சொத்து!

இந்த ஊர் ஆசாமிகளுக்கு மறந்துபோன ஒரு விஷயம் உண்டு. பொய்ப் படம் காட்ட வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை!

பெல் வளாகத்திலேயே 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. நாட்டின் பல மூலைகளிலிருந்து வெல்டிங் கற்க ஆட்கள் இங்கே வருகிறார்கள். கொதிகலன் வேலை என்றால் நினைத்தவர் நினைத்தபடி ஒட்ட முடியாது. பரீட்சை எழுதி, சோதனைத் துண்டில் கை காட்டி, சான்றிதழ் வாங்கியவர்தான் தொடலாம். 1923-ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டம் போய் 2025-இல் புதுச் சட்டம் வந்த பிறகும் இந்தக் கண்டிப்பு போகவில்லை. போகவும் கூடாது. ஒட்டு விட்டுப்போனால் ஆவியில் உயிர் போகும்.

ஒட்டிய இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். உள்ளே ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் பிலிமில் தெரிந்துவிடும். இத்தனை சோதனையில் தேறி வந்த ஊர் இது. இந்தக் கைகளுக்கு இல்லாத ரோபோவைக் காட்டி என்ன ஆகப்போகிறது?

1854-இல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் என்பவர் என்ன செய்தார் தெரியுமா? லிப்டில் கயிறு அறுந்தாலும் விழாமல் பிடித்துக்கொள்ளும் பிரேக்கைக் கண்டுபிடித்திருந்தார். நோட்டீஸ் கொடுக்கவில்லை. தானே மேடைமேல் ஏறி, கூட்டத்தின் தலைக்கு மேலே உயர்த்தச் சொல்லி, கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சற்றே இறங்கி அப்படியே நின்றது. இன்றைக்கும் உலகம் பூராவும் லிப்டில் அந்தப் பெயர் இருக்கிறது. ஸ்டால் போடுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: ஸ்டால் மேஜையில் நிஜமான வெல்டிங் துண்டு ஒன்றைக் குறுக்கே வெட்டி, பாலிஷ் போட்டு வையுங்கள். பக்கத்தில் அதன் எக்ஸ்ரே பிலிமைப் பின்னால் விளக்கு வைத்துக் காட்டுங்கள். தெரிந்தவர் தானாக நிற்பார்.

இரண்டு: வீடியோவில் பட்டறை, மெஷின், ஆள், முடித்துக் கொடுத்த வேலை என்று வருவதெல்லாம் கேமராவில் எடுத்ததாகவே இருக்கட்டும். கிரேன் ஐந்து டன் என்றால் ஐந்து டன் என்றே போடுங்கள். ஐந்து டன் வேலை கொடுக்கிறவர் உங்களைத் தேடி வருவார். ஐம்பது டன் வேலைக்காரர் வந்து திட்டிவிட்டுப் போக மாட்டார்.

மூன்று: உள்ளே நடப்பதை விளக்கவும், நாளைக்குச் செய்யப்போவதைக் காட்டவும் ஏ.ஐ. தாராளமாக வரட்டும். ஆனால் அந்தப் படம் ஓடும் நேரம் பூராவும் 'இது ஏ.ஐ. படம், விளக்கத்துக்கு மட்டும்' என்று திரையில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். ஓரத்தில் எறும்பு சைஸில் போட்டு ஒப்பேற்ற வேண்டாம்.

நான்கு: வேறு பட்டறையின் போட்டோவைக் கொடுத்து 'இதே மாதிரி நம்ம பெயரில் செய்து கொடு' என்று கேட்காதீர்கள். அது அடுத்தவன் வீட்டு வாசலில் நம்ம பெயர்ப் பலகையை மாட்டுகிற வேலை.

ஐந்து: கண்காட்சி நடத்துகிறவர்கள் சும்மா இருக்கக் கூடாது. தீயணைப்பு, மின்சாரம், ஒலிபெருக்கி என்று ஸ்டாலுக்கு எத்தனையோ நிபந்தனை போடுகிறார்கள். கேட்பாரம் நிரப்பும்போதே 'ஏ.ஐ. படம் காட்டினால் அடையாளம் போட வேண்டும்; மீறினால் ஸ்டால் காலி' என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? டெல்லியில் கூத்து நடந்த பிறகு காலி செய்யச் சொன்னார்கள். இங்கே நடக்கும் முன்னாலேயே சொல்லலாமே! சிறுதொழில் சங்கங்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். மானியம் அரசுப் பணம் என்பதால் அதிகாரிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எறும்பின் பெயரைத் தாங்கிய இந்த ஊர், அறுபது வருஷமாக அப்படித்தான் ஊர்ந்து ஊர்ந்து பெயர் வாங்கியிருக்கிறது. அந்தப் பெயரை எட்டு வினாடிப் படத்துக்கு அடகு வைக்கலாமா?

ஸ்டாலில் ஓடுவது ஷெட்டில் இருக்கட்டும். ஷெட்டில் இல்லாதது ஸ்டாலில் ஓட வேண்டாம்!